சவரக்கத்தி பழக விரும்புகிறவர்களுக்கு

மடக்கு சவரக்கத்தியால் நானே முகம் மழிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "கழுத்தை அறுத்துக்கொள்ளவா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பயப்படுவது நியாயம்தான். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஆழமான வெட்டு விழுவது அபூர்வம். அவர்களைப் பாதி வழியில் கைவிட வைப்பது எரிச்சல். மழித்து முடித்ததும் கன்னமும் கழுத்தும் சிவந்துபோகும், வியர்வை பட்டாலே காந்தும். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தியை அலமாரியில் வைத்துப் பழைய ரேசருக்கே திரும்பிவிடுவார்கள்.

அந்த எரிச்சலுக்குக் கை பழகாததே காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் முதல் குற்றவாளி கத்தியின் கூர். கூர் போதாத கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் நாம் நம்மை அறியாமல் அழுத்துவோம். அழுத்தினால் தோலின் மேலடுக்கையும் சேர்த்துச் சீவிவிடும். ஆகவே முகத்துக்கு வருவதற்கு முன் கத்தியோடும், அதை இழுத்துப் பதமாக்கும் தோல்வாரோடும் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் ஒத்துவராது.

யாருக்கு இது, யாருக்கு வேண்டாம்

நேரம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழகிய பிறகும் இருபது நிமிடம் பிடிக்கும், பழகும் காலத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு. பிளேடுச் செலவு மிச்சம் என்பதும் பாதி உண்மைதான். கத்தி, தோல்வார், தூரிகை, சோப்பு, பிறகு தீட்டுக் கல் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது கணக்கு வேறு பக்கம் சாய்ந்துவிடும். 1903-ல் ஜில்லெட் நிறுவனம் தன் புதிய பாதுகாப்பு ரேசர்களில் விற்றது 51, பிளேடுகள் 168. அடுத்த ஆண்டே தொண்ணூறாயிரம் ரேசர்கள் விற்றன. உலகம் அவ்வளவு வேகமாக அந்தப் பக்கம் ஓடியதற்குக் காரணம், தினமும் கத்தி தீட்டும் வேலையிலிருந்து கிடைத்த விடுதலை. அந்த வேலையை நீங்கள் விரும்பித் திரும்ப ஏற்கிறீர்கள் என்பது மனதில் இருக்கட்டும்.

உறுதியான பலன் ஒன்று உண்டு. மூன்று நான்கு பிளேடுகள் அடுக்கிய கார்ட்ரிட்ஜில் முன்னால் போகும் பிளேடு முடியைப் பற்றி இழுக்கிறது, பின்னால் வருவது தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுகிறது. சுருள் முடி உள்ளவர்களுக்கு அந்த நுனி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து புடைப்பாகவும் கொப்புளமாகவும் மாறும். கழுத்து ஓரத்தில் கருகருவென்று புள்ளிகளோடு எத்தனை பேரைப் பார்க்கிறோம்! ஒற்றை அலகு தோல் மட்டத்திலேயே வெட்டி நிறுத்திக்கொள்ளும். இந்தத் தொல்லை உள்ளவர்கள் மாறிப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்குக் கிடைப்பது, ஒரு நல்ல கருவியைக் கையாளும் சுகம். அதுவே போதும் என்பது என் கட்சி.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், சிறு காயமும் தடித்த தழும்பாக மாறும் உடல்வாகு உள்ளவர்கள், கைநடுக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். முகப்பரு பழுத்திருக்கும் நாட்களில் யாருமே வேண்டாம்.

கத்தி தேர்ந்தெடுத்தல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இன்று நம் ஊர்ச் சலூன்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அசல் சவரக்கத்தி கிடையாது. சாதாரண பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகிக்கொள்ளும் பிடி அது. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் பற்றிய விழிப்புணர்வு பரவிய பிறகு, ஆளுக்கொரு பிளேடு என்ற வழக்கம் வந்தது. அது மிக நல்ல மாற்றம். அதற்கு முன் ஒரே கத்தியைத் தோல்வாரில் இழுத்து இழுத்து ஊருக்கே சவரம் செய்தார்கள்.

"சில நூறு ரூபாய்க்கு அந்தப் பாதி பிளேடு கத்தி கிடைக்கிறதே, அதில் பழகிவிட்டு அசலுக்குப் போகலாமே" என்று பலரும் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. பாதி பிளேடு கத்தியின் எடை குறைவு, அலகு விறைப்பானது, இரண்டு முனைகளும் கூர்மூலைகள். கோணம் சற்றுப் பிசகினாலும் கடித்துவிடும். முடிதிருத்துநர்கள் அதை நளினமாகக் கையாள்வது பல்லாண்டுக் கைப்பழக்கத்தால். அசல் கத்தி கனமானது, தவறுகளை ஓரளவு மன்னிக்கும். கடினமானதில் தொடங்கி எளிதானதற்குப் போவானேன்? வார் பிடிக்கவும் தீட்டவும் பொறுமை இல்லை, ஒற்றை அலகு மட்டும் போதும் என்கிறவர்களுக்குப் பாதி பிளேடு கத்தி சரியான தேர்வு. கீழே சவரம் பற்றிச் சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

அசல் கத்தியின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். 5/8 என்றால் சுமார் 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19. புதியவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று. அதைவிட அகலமானால் மூக்கின் கீழ் நுழையாது, குறுகினால் நுரையைச் சுமக்காது. நுனி உருண்டையாக இருக்கட்டும். சதுர நுனி மீசை ஓரத்தைச் செதுக்க அழகாக இருக்கும், காது மடலையும் அதே அழகோடு செதுக்கும். எஃகு எது என்றால், எளிதில் தீட்ட வரும் கார்பன் எஃகு. துருப்பிடிக்கும் என்ற குறை அதற்கு உண்டு.

கத்தியின் இரு பக்கங்களும் உட்குழிவாகக் கடையப்பட்டிருக்கும். குழிவு அதிகமான கத்தி மெல்லியது, முடியை வெட்டும்போது சன்னமாக ஓசை எழுப்பும். குழிவு குறைந்தது கனமானது, ஓசையற்றது. தொடக்கத்துக்கு எதுவும் சரியே. கவனிக்க வேண்டியது முதுகு. கத்தியைக் கல்லிலோ வாரிலோ படுக்க வைத்தால் முதுகும் கூரும் ஒருசேரத் தொடும். முதுகின் தடிமனே தீட்டும் கோணத்தை நிர்ணயிக்கும். நாம் கோணம் பார்த்துப் பிடிக்க வேண்டியதே இல்லை. இந்த அமைப்பை யோசித்தவரைக் கும்பிட வேண்டும்.

பெயர் பெற்ற ஊர்கள் சில உண்டு. ஜெர்மனியின் சோலிங்கன் அவற்றில் முதலாவது. அந்த ஊர்ப் பெயரைக் கத்தியில் யார் பொறிக்கலாம் என்பதற்கு 1938-லிருந்து அங்கே சட்டமே இருக்கிறது. 1906-ல் தொடங்கிய டோவோ அந்த ஊர் நிறுவனம். பிரான்சில் தியேர் என்ற ஊரில் தியேர்-இஸ்ஸார் கத்திகள் தயாராகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு 19-ம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்தது. அந்தக் காலத்துக் கத்திகள் இன்றும் பழம்பொருள் சந்தையில் கிடைக்கின்றன. சீனத்தின் கோல்டு டாலர் மலிவானது. எஃகு மோசமில்லை, ஆனால் வந்தபடியே முகத்தில் வைக்க முடியாது. நன்றாகத் தீட்ட வேண்டும். இவற்றைத் தவிர, பளபளக்கும் மரப்பிடியோடு, அலை அலையான வரிகளோடு, நம்ப முடியாத விலையில் இணையக் கடைகளில் கிடைப்பவற்றில் பல, கத்தி வடிவில் உள்ள இரும்பு. எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

பழைய கத்தி வாங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள். கூரின் ஓரத்தில் துரு இருந்தால் வேண்டாம். முதுகில் இருந்தால் தேய்த்து எடுக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது கூரில் பல் விழுந்திருந்தால் வேண்டாம். பழைய செல்லுலாய்டு கைப்பிடி நாளடைவில் சிதைந்து ஒருவித ஆவியை வெளியிடும், மூடி வைத்த அலகு அதனாலேயே அரித்துப்போகும். கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் கறுத்த துருப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் காரணம். தந்தப் பிடி என்று ஆசை காட்டினால் விலகிவிடுங்கள், இந்தியாவில் தந்த வியாபாரம் குற்றம். எந்தப் பழைய கத்தியையும் கிருமிநாசினியில் சுத்தம் செய்யாமல் முகத்தில் வைக்கக் கூடாது.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதைக் கையால் தீட்டி, உடனே மழிக்கும் பதத்தில் தருகிறீர்களா? தொழிற்சாலைக் கூர் பல நேரங்களில் போதாது. தீட்டித் தருகிறவரிடம் நூறு இருநூறு கூடுதலானாலும் வாங்குங்கள். முதல் கத்தியை நீங்களே தீட்டிப் பழக முயன்றால், எரிவது கூரினாலா கையினாலா என்று கடைசிவரை தெரியாமலே போகும்.

தோல்வார்

கல்லில் தீட்டுவது சில மாதங்களுக்கு ஒருமுறை. வாரில் இழுப்பது ஒவ்வொரு சவரத்துக்கும் முன். கல் எஃகைத் தேய்த்துப் புதுக் கூரை உண்டாக்கும். வார் அதைப் பெரிதாகத் தேய்ப்பதில்லை. சென்ற முறை முடியில் பட்டு நெளிந்த மிக மெல்லிய ஓரத்தை நேராக்கி வழவழப்பாக்கும். இந்த வேறுபாடு புரியாமல், கத்தி மழுங்கினால் வாரில் நூறு தடவை இழுத்துவிட்டு, "வேலைக்காகவில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு.

வாரில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று கெட்டித் துணி, மற்றொன்று தோல். மூன்று அங்குல அகலமுள்ளதாக வாங்குங்கள். குறுகிய வாரில் கத்தியைக் குறுக்காகவும் நகர்த்த வேண்டியிருக்கும், புதியவருக்கு அது கூடுதல் சுமை. விலை உயர்ந்த தோலும் வேண்டாம். முதல் வாரில் நிச்சயம் கீறல் விழும்.

இடுப்பு உயரத்தில் ஒரு கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் இழுத்துப் பிடியுங்கள். தொய்வு இருக்கக் கூடாது. தொய்ந்தால் தோல் கூரின் ஓரத்தைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும். கத்தியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள், முதுகும் கூரும் தோலில் தொடட்டும். முதுகு முன்னே செல்ல, கூர் பின்னால் வர, உங்களை நோக்கி இழுங்கள். வாரின் கடைசிக்கு வந்ததும் நிறுத்தி, முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே கத்தியைப் புரட்டுங்கள். கூர் மேலே சுழன்று மறுபக்கம் படுக்கும். இப்போது மீண்டும் முதுகு முன்னே செல்ல அந்தப் பக்கம் தள்ளுங்கள். போய்வந்தால் ஒரு சுற்று. துணியில் இருபது சுற்று, தோலில் நாற்பதோ ஐம்பதோ போதும்.

தோலில் கீறல் விழுவதெல்லாம் திரும்பும் இடத்தில்தான். கத்தி முழுமையாக நிற்பதற்குள் கை புரட்டத் தொடங்கிவிடும். சலூனில் பார்த்த அந்த 'டப் டப்' வேகம் உங்களுக்குத் தேவையில்லை. ஒரு வாரம் மழுங்கிய மேசைக் கத்தியை வைத்து இந்தப் புரட்டலை மட்டும் பழகுங்கள். எடை கொடுக்க வேண்டாம், கத்தியின் கனமே போதும். சரியாகப் போனால் தோலிலிருந்து சீரான, மெல்லிய உரசல் ஓசை வரும். ஒரு பக்கம் உரத்தும் மறுபக்கம் அடங்கியும் கேட்டால், ஒரு திசையில் கத்தியைச் சாய்க்கிறீர்கள் என்று பொருள்.

கூரைச் சோதிக்கக் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்காதீர்கள். முன்கையின் முடியில், தோலுக்குச் சற்று மேலே அலகை நகர்த்துங்கள். தோலைத் தொடாமலே முடி உதிர்ந்தால் கத்தி தயார். தோலோடு ஒட்டி இழுத்தால்தான் வெட்டுகிறது என்றால் இன்று முகத்தில் வைக்க வேண்டாம்.

தண்ணீரும் நுரையும்

காய்ந்த தாடி முடி முரட்டுத்தனமானது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் தண்ணீரை உறிஞ்சி இளகி, வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே குளித்த கையோடு சவரம். குளிக்காவிட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டுக் காத்திருங்கள்.

டப்பாவை அழுத்தினால் வரும் நுரை இங்கே உதவாது. அது காற்று நிறைந்தது, வழுக்கல் குறைவு. டியூபில் வரும் கிரீமோ சவரச் சோப்போ தூரிகையில் எடுத்துக் கிண்ணத்தில் குழையுங்கள். செயற்கை இழைத் தூரிகையே போதும், சீக்கிரம் காயும், நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்காது. நுரை அடித்த கெட்டித் தயிர்ப் பதத்துக்கு வர வேண்டும். மேலே பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் அதிகம், இன்னும் குழையுங்கள். மங்கிப்போய்த் தூரிகையில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் குறைவு. சில துளி சேருங்கள். முகத்தில் பூசிய நுரை ஈரப் பளபளப்போடு நிற்க வேண்டும். காய்ந்து மங்கும் இடத்தில் கத்தி தட்டும்.

எத்தனை குழைத்தாலும் நுரை எழும்பாமல் திரிதிரியாகப் போகிறது என்று புலம்புகிறவர்கள், சோப்பைக் குறை சொல்வதற்கு முன் குழாயைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடும். சென்னையின் பல பகுதிகளில் இதே கதை. குடிப்பதற்காகச் சுத்திகரித்த தண்ணீரைச் சூடாக்கி ஒரு குவளை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும். நுரைக்கு மட்டும் அந்தத் தண்ணீர் போதும், முகம் கழுவக் குழாய்த் தண்ணீரே போதும்.

முதல் நாள்

முதல் நாளுக்கு முன்பே உங்கள் தாடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் தாடியின் மேல் விரலை ஓட்டினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் குத்தும். வழுக்கும் திசையே முடியின் போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கீழிருந்து மேல், சிலருக்குத் தொண்டையை நோக்கிப் பக்கவாட்டில். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது அதிகப்படி ஆகாது.

முதல் நாள் வேலை வலது கன்னம் மட்டும். காதோரத்திலிருந்து தாடை எலும்பு வரை. மீதி முகத்தை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் முழு முகத்தையும் ஒரே நாளில் முயன்றால் கழுத்துக்கு வருவதற்குள் கை சோர்ந்து, நுரை காய்ந்து, பொறுமையும் தீர்ந்திருக்கும்.

கத்தியைத் திறந்து, கைப்பிடி நேர்கோட்டையும் தாண்டிப் பின்னால் மடங்கும்வரை விரியுங்கள். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள தடித்த கழுத்துப் பகுதியின் அடியில் கட்டைவிரலை வையுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதே பகுதியின் மேல் படியட்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் கைப்பிடிக்கு அப்பால் வளைந்து நிற்கும் வாலின் மேல் இருக்கட்டும். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தால் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி பிடியுங்கள்.

இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காதுக்கு முன்னால் உள்ள தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். சவரத்தில் பாதி வேலை இந்தக் கைக்குத்தான். தளர்ந்த தோல் கத்தியின் முன்னால் மடிப்பாக எழும், அந்த மடிப்பில்தான் வெட்டு விழும். விரல் வழுக்கினால் ஈரப் படிகாரத்தை விரல் நுனியில் தேய்த்துக்கொள்ளுங்கள். பிடி நிற்கும்.

இப்போது அலகைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, முதுகை மட்டும் மெல்லத் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு, மிஞ்சினால் இரண்டு மடங்கு இடைவெளி. அது ஏறக்குறைய முப்பது டிகிரிக் கோணம். அதைவிடத் தூக்கினால் கத்தி சுரண்டும், வெட்டும். தாழ்த்தினால் முடியை இழுக்கும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று சிறு சிறு வீச்சுகளாகக் கீழ்நோக்கி இறங்குங்கள். தயங்கித் தயங்கி நகர்த்தினால் கத்தி தட்டும். சிறு வீச்சென்றாலும் தொடங்கினால் நிற்காமல் ஓடட்டும். கூர் போகும் திசைக்குக் குறுக்காக, காய் நறுக்குவதுபோல் பக்கவாட்டில் மட்டும் ஒருபோதும் நகர்த்தாதீர்கள். கத்தி முகத்தில் இருக்கும் வரை செய்யவே கூடாத ஒரே காரியம் அது.

சரியாகப் போனால் வறண்ட மணலைத் துணியால் துடைக்கும்போது எழுவதைவிடச் சன்னமான ஒரு சரசரப்பு கேட்கும். அலகில் நுரையோடு கறுத்த பொடியாக முடி சேரும். ஓசை கேட்காமல் நுரை மட்டும் வழித்துக்கொண்டு வந்தால் கோணம் தாழ்ந்திருக்கிறது. நுரையைத் தண்ணீரில் அலசும்போது குழாயின் உலோகத்திலோ பீங்கான் விளிம்பிலோ கூர் இடித்துவிடக் கூடாது. ஒரு இடி போதும், மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான். ஈரத் துணியில் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைப்பது பாதுகாப்பானது.

விட்டுப்போன முடியைப் பார்த்ததும் அந்த இடத்தில் வெறும் கத்தியை ஓட்டத் தோன்றும். வேண்டாம். நுரை இல்லாத தோலில் கத்தி படக் கூடாது. இன்னொரு முறை நுரை பூசி மறுபடி போக்கோடு ஒரு சுற்று வாருங்கள், அவ்வளவே. முடியின் போக்குக்கு எதிராகப் போவதை முதல் இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். கழுத்தில் புடைப்பு வருகிறவர்கள் எப்போதுமே மறந்துவிடலாம்.

பிறகு வரும் வாரங்கள்

வலது கன்னம் எரிச்சலில்லாமல் முடிந்தால் இடது கன்னம். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். வலக்கையாலேயே முகத்துக்குக் குறுக்காகப் போகலாம், ஆனால் கையும் கைப்பிடியும் கண்ணாடியை மறைக்கும். இடக்கையைப் பழக்குங்கள் என்பதே என் யோசனை. முதலில் அன்னியமாக இருக்கும். ஆனால் வலக்கைக்கும் இது புதுப் பழக்கமே என்பதால் இரண்டும் சேர்ந்து கற்றுக்கொள்ளும். இடக்கைக்கு அகங்காரம் இல்லை, அழுத்தவே அழுத்தாது.

அடுத்து கழுத்து. தலையை அண்ணாந்து மோவாயை ஒரு பக்கம் திருப்பினால் தோல் தானாக இறுகும். தொண்டைக் குமிழின் மேல் நேராகப் போகாமல், அங்கே உள்ள தோலைப் பக்கவாட்டில் இழுத்துத் தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து மழியுங்கள். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லின் மேல் கீழ்நோக்கி இழுத்து, மூக்கு நுனியை விரலால் சற்றே தூக்கி, அரை அங்குல வீச்சுகள். மீசை வைத்திருப்பவர்கள் பாக்கியவான்கள், இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கடைசியில் மோவாய். முகத்திலேயே முரட்டு முடி அங்கேதான், வளைவும் அங்கேதான். தட்டையான அலகு வளைந்த எலும்பின் மேல் ஒரு புள்ளியில் மட்டும் தொடும். கீழுதட்டைப் பல்லின் மேல் உள்ளே மடக்கினால் மோவாய் கொஞ்சம் தட்டையாகும். நுரையை அங்கே முதலில் பூசி, கடைசியில் மழியுங்கள், அதுவரை ஊறட்டும். மற்ற இடங்கள் நன்றாக வந்த பிறகும் மோவாய்க்கு மட்டும் ரேசரை எடுக்கிறவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

வெட்டு விழுந்தால்

சிறு கீறலுக்குக் குளிர்ந்த தண்ணீரும் படிகாரமும் போதும். கட்டியை நனைத்து அந்த இடத்தில் சில விநாடி வைத்திருங்கள். மழித்து முடித்ததும் முகம் முழுக்கப் படிகாரம் தேய்ப்பது நல்ல பாடமும்கூட. எங்கெல்லாம் சுள்ளென்று எரிகிறதோ அங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள். நிற்காமல் வரும் ரத்தத்துக்குச் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். அதற்கும் நிற்கவில்லை, அல்லது காயம் வாய் பிளந்திருக்கிறது என்றால் மருத்துவமனைதான்.

பெரிய காயங்கள் முகத்தில் விழுவதைவிட, வழுக்கி விழும் கத்தியைப் பிடிக்கப் போகும் கையில்தான் விழுகின்றன. கை நழுவினால் விட்டுவிட்டுக் காலை நகர்த்துங்கள். கத்தி போனால் போகட்டும். சவரம் செய்யும்போது குளியலறைக் கதவைத் தாழிடுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கத்தி இருக்கும் இடம் பூட்டிய அலமாரி. அண்ணன் தம்பி, அப்பா மகன் என்றாலும் கத்தியைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியில் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும்.

துருவும் தீட்டலும்

நம் கடற்கரை ஊர்களின் காற்று கார்பன் எஃகுக்கு எமன். ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளில், கழுவித் துடைத்து மடக்கி வைத்தால் போதும் என்றிருக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ அப்படி வைத்தால் ஒரு வாரத்தில் கூரில் செம்புள்ளிகள் தெரியும். கழுவியதும் மெல்லிய தாளால் முதுகிலிருந்து கூரை நோக்கி ஒற்றித் துடையுங்கள், திருகாணிப் பக்கமும். வாரின் துணியில் நான்கைந்து சுற்று இழுத்தால் மிச்ச ஈரமும் போகும். குளியலறைக்கு வெளியே, திறந்தபடியே சில மணி நேரம் காயட்டும். நாலைந்து நாள் எடுக்கப்போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். அடுத்த சவரத்துக்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், வாரில் பட்டால் தோல் கெடும்.

இரண்டு மூன்று மாதத்தில், வாரில் எத்தனை இழுத்தாலும் கன்னத்தில் முடி இழுபடத் தொடங்கும். முதல் தடவை அதைத் தீட்டத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். தெருவில் சைக்கிளில் சக்கரம் கட்டிக்கொண்டு சாணை பிடிக்க வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் ராஜா. ஆனால் சுழலும் சாணையின் சூட்டில் சவரக்கத்தியின் மெல்லிய ஓரம் நொடியில் பதம் இழந்துவிடும். பிறகு அது கடிதம் பிரிக்கத்தான் உதவும்.

நீங்களே தீட்டப் பழகுவதாக இருந்தால் முதலில் ஒரே ஒரு கல், 12,000 எண் கொண்ட நயமான கல் போதும் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்). கூர் மங்கத் தொடங்கும்போதே அதில் தண்ணீர் விட்டு, கத்தியைத் தட்டையாக வைத்து, வாருக்கு நேர்மாறாகக் கூர் முன்னே செல்லும்படி இருபது முப்பது சுற்று, எடை கொடுக்காமல். கல் சமதளமாக இருப்பது முக்கியம். கூரில் பல் விழுந்தாலோ முற்றிலும் மழுங்கினாலோதான் 1,000 எண் கல்லிலிருந்து தொடங்கி 4,000, 8,000 என்று ஏற வேண்டிவரும். அதற்கு ஒரு மலிவான பழைய கத்தியை வாங்கிப் பழகுங்கள், நல்ல கத்தியில் கை வைக்க வேண்டாம்.

வெளியூர் போகும்போது ஒரு குறிப்பு. பஸ்ஸிலும் ரயிலிலும் பெட்டிக்குள் உறை போட்டு வைத்தால் போதும். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். சரக்குப் பெட்டியில் போடுங்கள், அல்லது அந்த நான்கு நாளைக்கு ஊரில் ஒரு சலூனைத் தேடிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் புதுப் பிளேடை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கச் சொல்லுங்கள்.